விடுமுறைக்குப் பின் மறந்துபோகும் கணக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)

 

நம் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, பணி ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நம் முன்னாள் மாணவர்களில் சிலர் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம் என்ற தைரியமும் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்றுதான்: "அக்கா, ஊருக்குப் போய் ஒரு மாசம் இருந்துட்டு வந்தோம். பையன் வகுத்தலையே மறந்துட்டான். எல்லாம் என்னாலதானோ?"

இல்லவே இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் மறக்கத்தான் செய்கிறது. ஜூன் மாதம் வகுப்பில் நுழையும் எந்தக் கணக்கு ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, விட்டுப்போனதை ஈடுகட்ட நம் மாநில அரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டமே தொடங்க வேண்டியிருந்தது.

மறந்தது எங்கே போகிறது? ஜெர்மன் நாட்டு எப்பிங்ஹாஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். நமக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆயிற்று. அதாவது, மறந்தாலும் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. ஆகவே புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போக வேண்டாம். முதல் நாளே பரீட்சை வைத்து மிரட்டவும் வேண்டாம்.

என்ன செய்யலாம்? முதலில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பத்து வயதுப் பெண், இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு 3/4-யும் 1/6-யும் கூட்டி 4/10 என்று எழுதினாள். அம்மாவுக்குக் கோபம். நான் கேட்டேன்: "கண்ணு, முக்கால் தோசை சாப்பிட்டே. இன்னும் ஒரு துண்டும் சாப்பிட்டே. மொத்தம் அரைத் தோசைகூட வரலையா?" சிரித்துவிட்டாள். "அய்யோ, கீழே இருக்கிறது ஒண்ணா இருக்கணும்ல!" என்று அவளே 12-க்கு மாற்றி, 9/12, 2/12, மொத்தம் 11/12 என்று முடித்தாள். விதியை நான் சொல்லவில்லை. அவள் மறந்திருந்தது வழிமுறையைத்தான். பின்னம் என்றால் என்ன என்பது அவளிடம் பத்திரமாக இருந்தது.

அடுத்தது, கலந்து கொடுங்கள். ஒரே மாதிரிக் கணக்கை இருபது போடச் சொல்வது நம் பழக்கம். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் குழு 20, இரண்டாவது குழு 63! எனவே தினமும் ஐந்தே கணக்கு போதும். இன்று படித்ததில் ஒன்று, போன வாரத்ததில் இரண்டு, போன மாதத்ததில் இரண்டு. அன்றைக்குத் தடுமாறினால் பயப்படாதீர்கள்.

விடுமுறையை வகுப்பாக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் மீதிச் சில்லறையைப் பிள்ளை எண்ணட்டும். பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லட்டும். தாத்தாவோடு தாயம் ஆடட்டும், பாட்டியோடு கோலப்புள்ளி வைக்கட்டும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பின்ன வாய்பாடு உட்பட வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். நீங்களும் வாய்பாடு கேளுங்கள். ஆனால் வரிசையாக வேண்டாம், "ஏழெட்டு எவ்வளவு?" என்று நடுவில் கேளுங்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன்? வகுத்தல் மறந்தால் ஒரு வாரத்தில் மீட்டுவிடலாம். "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை மனதில் முடிவு கட்டிவிட்டால், அதை மாற்ற வருஷங்கள் ஆகின்றன. அந்த முடிவோடு எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதை முதலில் சொன்னது பிள்ளை அல்ல, பக்கத்தில் இருந்த பெரியவர்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் ஆசிரியராவீர்கள். எல்லோரும் ஏதோ ஒரு பிள்ளைக்கு அண்ணனாகவோ அத்தையாகவோ இருப்பீர்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, "உனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லு" என்று தொடங்குங்கள். நம் சங்கத்து நண்பர்களும் தங்கள் ஊரில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டுகிறேன்.