அரசியின் ஆலயத்தில் ஒரு கத்தோலிக்கர்



ஆர்கன் வாசிப்பவரை நாம் பெரும்பாலும் சுருதி பிசகும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம். ஆகவே இந்த ஜூபிலி நாளில், இங்கிலாந்து நாட்டில் ஆர்கன் வாசித்த ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் வில்லியம் பேர்டு.

1563இல் லிங்கன் பேராலயத்தில் அவர் ஆர்கன் பொறுப்பேற்றார். அப்பேராலயம் அப்போது ஆங்கிலிக்கன் சபையின் கையில் இருந்தது. 1569இல் நிர்வாகத்தார் அவர் சம்பளத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். (சம்பளப் பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம்!) 1572இல் எலிசபெத் அரசியின் அரசவைச் சிற்றாலயத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மூத்தவரான தாமஸ் டாலிசும் அங்கே ஆர்கன் வாசித்தார். 1575இல் இசைநூல் அச்சிடும் தனியுரிமையை அரசி இவ்விருவருக்கும் வழங்கினார்.

பேர்டோ கத்தோலிக்கர். அன்று அது எளிய காரியமா? 1581ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஆலயத்துக்குச் செல்லாதவருக்கு மாதம் 20 பவுன் அபராதம். திருப்பலி கண்டால் அபராதத்தோடு ஓராண்டுச் சிறை. 1585ஆம் ஆண்டுச் சட்டமோ, குருவுக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு மரண தண்டனை விதித்தது. பேர்டின் மனைவி ஜூலியானாவின் பெயர் அரசு ஆலயத்துக்குச் செல்லாதவர் பட்டியலில் ஏறியது. பின்னர் அவர் பெயரும் ஏறியது. 1586இல் ஒரு நாட்டுப்புற மாளிகையில் சேசு சபைக் குருக்கள் ராபர்ட் சவுத்வெல், ஹென்றி கார்னெட் ஆகியோரோடு அவர் தங்கினார். முன்னவர் 1595இலும் பின்னவர் 1606இலும் கொல்லப்பட்டனர்.

இந்த நிலையில்தான், 1592க்கும் 1595க்கும் இடையே அவர் மூன்று இலத்தீன் திருப்பலி இசைகளை அச்சிட்டார். தலைப்புப் பக்கம் இல்லை. அச்சகத்தார் பெயரும் இல்லை. ஆனால் தம் பெயரை மட்டும் மறைக்கவில்லை! ஒன்று மூன்று குரலுக்கு, ஒன்று நான்குக்கு, ஒன்று ஐந்துக்கு. கதவடைத்த அறையில் மூன்று பேர் கூடினாலும் பாடலாம், ஆர்கன் வேண்டியதில்லை. நாட்டின் தலைசிறந்த ஆர்கன் வாசிப்பாளர், ஆர்கன் இல்லாத வீடுகளை எண்ணி எழுதினார் என்பது நம்மை வியக்க வைக்கிறது.

ஏறக்குறைய 1593இல் எசெக்ஸ் மாவட்டத்தின் ஸ்டாண்டன் மாசி கிராமத்தில் குடியேறினார். அருகில் இங்கேட்ஸ்டோனில் இருந்த கத்தோலிக்கரான பீட்டர் பிரபு குடும்பம் அவரை ஆதரித்தது. திருநாள்களுக்குரிய பாடல்களை 'கிராடுவாலியா' என்ற பெயரில் 1605இலும் 1607இலும் வெளியிட்டார். முதல் நூலை வைத்திருந்த பிரெஞ்சு இளைஞர் ஒருவர் கைதானார். பேர்டு கைதாகவில்லை.

1623 ஜூலை 4இல் அவர் இறந்தபோது, அரசவைச் சிற்றாலயத்தின் பதிவேடு அவரை இசையின் தந்தை என்று குறித்தது. அன்று ஒளித்து வைத்துப் பாடிய அந்த இலத்தீன் திருப்பலி இசைகளை இன்று ஆங்கிலிக்கன் பேராலயங்களிலேயே பாடுகிறார்கள்.