பழ ஈயில் ஆணும் பெண்ணும்

கனிந்து புளிக்கத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிற்றீக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். டிராசொபிலா என்பது விஞ்ஞானிகள் அவற்றுக்கு இட்ட பெயர். ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்ற பழைய வினாவுக்கு அந்த ஈ தந்த விடையைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

உயிரணுவின் உட்கருவிலே நூல் போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. பழ ஈயில் அவை 4 சோடி. 3 சோடிகள் இரு பாலிலும் ஒன்றுபோல் உள்ளன. எஞ்சிய சோடியில்தான் வேறுபாடு: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸ், கொக்கிபோல் வளைந்த ஓர் ஒய்.

இவ்வளவு படித்ததுமே, "ஒய் இருந்தால் ஆண்" என்று மாணவர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். எத்தனையோ விடைத்தாள்களில் இதனை நான் கண்டிருக்கிறேன். மனிதரைப் பொறுத்தமட்டில் அது பொருந்தும். எக்ஸ் இரண்டோடு ஒய்யும் வாய்த்தவர் ஆணாகவே வளர்வது 1959-இல் தெரியவந்தது. ஈயிடம் அந்த விதி செல்லாது.

1910-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாமஸ் ஹண்ட் மோர்கன், செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஆண் ஒன்றைக் கண்டார். அப்பண்பு எக்ஸ் வழியே செல்வது என்பது விரைவில் தெளிவாயிற்று. வெண்கண் தாய்க்கும் செங்கண் தந்தைக்கும் பிறக்கும் மகள்கள் செங்கண்ணும், மகன்கள் வெண்கண்ணும் பெறவேண்டும். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருகிறது அல்லவா? ஆனால் ஏறத்தாழ 2,000 ஈக்களில் ஒன்று இதனை மீறிற்று: வெண்கண் மகள், அல்லது செங்கண் மகன்.

மோர்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ் அந்த ஒன்றைப் புறக்கணிக்கவில்லை. தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே முட்டையுள் சென்றிருக்குமோ என்று எண்ணினார். நுண்பெருக்கியில் நோக்கினார். அந்த வெண்கண் மகளிடம் ஒய் இருந்தது. இருந்தும் அவள் பெண்ணே, முட்டையும் இட்டாள். செங்கண் மகனிடம் ஒய் இல்லை. இருந்தும் அவன் ஆணே, சந்ததிப் பேறு மட்டும் இல்லை. 1916-இல் அவர் இவற்றை வெளியிட்டார். ஈயின் ஒய், விந்தணு இயங்குவதற்கு வேண்டியதே அன்றி, ஆணை ஆக்குவதன்று.

பின் தீர்மானிப்பது எது? எக்ஸின் எண்ணிக்கைதான். மற்றக் குரோமோசோம் தொகுதிகளோடு ஒப்பிட்டு அதனை ஒரு விகிதமாகப் பிரிட்ஜஸ் கூறினார்: இரு தொகுதிக்கு இரண்டு எக்ஸ் எனில் பெண், ஒன்று எனில் ஆண், மூன்று தொகுதிக்கு இரண்டு எனில் இடைநிலை. பாடநூல்கள் பல இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன, அது போதாது. ஈ விகிதம் எதனையும் கணக்கிடுவதில்லை என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. இளங்கருவில் எக்ஸிலுள்ள சில ஜீன்கள் இரட்டை அளவில் இருந்தால் 'செக்ஸ்-லெத்தல்' என்னும் ஜீன் விழித்துக்கொள்கிறது, ஈ பெண்ணாகிறது. ஒற்றை அளவாயின் அது உறங்கிவிடும். தொகுதி மூன்றானால் கருவின் அந்தப் பருவம் விரைவில் முடிந்துவிடுவதால், இரண்டு எக்ஸ் இருந்தும் சில அணுக்களில் அது விழிக்கக் காலம் போதுவதில்லை.

ஆம், ஒவ்வோர் அணுவும் தன் பாலைத் தானே தீர்மானிக்கிறது! பெண் கருவின் முதற் பிரிவிலேயே ஓர் அணு ஓர் எக்ஸை இழந்துவிட்டால், பிறக்கும் ஈ ஒரு பாதி பெண், மறு பாதி ஆண். இழந்த எக்ஸ் செங்கண் ஜீனைத் தாங்கியதாகவும், எஞ்சியது வெண்கண் ஜீனைத் தாங்கியதாகவும் இருப்பின், ஒரு கண் சிவப்பு, மற்றது வெள்ளை. இத்தகைய இருபால் ஈக்களைப் பற்றி மோர்கனும் பிரிட்ஜஸும் 1919-இல் படங்களுடன் எழுதியிருக்கின்றனர்.