கணக்கு அவரவர் கையில்



இந்தத் துறைமுகப் பகுதியிலேயே பிறந்து, இங்கேயே ஒரு வங்கிக் கிளையில் இருபத்திரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து, அதன் பின்பு இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள குடும்பங்களுக்கு நிதி ஆலோசகனாக நடமாடி வருகிற எனக்கு, வணிகவியலில் பட்டம் பெற்ற உங்கள் முன்னிலையில் பேசக் கிடைத்த இந்தச் சந்தர்ப்பம் பெரும் பாக்கியம். உங்களுள் பலர் நாளை வங்கியிலோ, இன்ஷூரன்ஸ் தொழிலிலோ, மியூச்சுவல் ஃபண்டு விநியோகத்திலோ, ஆலோசனைத் தொழிலிலோ பிரவேசிக்கப் போகிறீர்கள். பிறருடைய பணத்தைப் பற்றிப் பேசிப் பிழைக்கும் தொழில்கள் அவை. ஆதலால், பொதுப்பட உபதேசம் செய்வதை விடுத்து, அத்தொழிலின் வாசற்படியிலேயே உங்களை எதிர்கொள்ளப் போகும் ஒரு விஷயத்தை மட்டும், நான் பட்டறிந்தபடி சொல்ல விரும்புகிறேன். ஒருவருடைய கணக்குகள் அனைத்தையும் ஒரே திரையில் திரட்டிக் காட்டும் புதிய சாதனங்களை, அவற்றைக் கண்டு தயங்கி நிற்கும் ஜனங்களிடம் எவ்விதம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதே அது.

நம் பகுதி வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ரேஷன் கார்டும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், எல்.ஐ.சி. பாண்டும், நான்கு வங்கிகளின் பாஸ்புக்குகளும், சீட்டுப் புத்தகமும், அடகுக் கடை ரசீதும் ஒரே மஞ்சள் பைக்குள் சுருண்டு கிடக்கும். 2014-இல் பி.எஃப். கணக்குகளுக்கு யு.ஏ.என். என்னும் ஒரே எண் வருவதற்கு முன்பு, எண்ணூரிலும் மணலியிலும் ஒப்பந்தக்காரர் மாற மாறத் தாமும் இடம் மாறி உழைத்த தொழிலாளியின் பெட்டியிலே, ஒப்பந்தக்காரருக்கு ஒன்றாகப் பல பி.எஃப். எண்கள் இருந்தன, அவற்றுள் எதில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. குடும்பத் தலைவர் காலமான பிறகு, அந்தப் பையை விரித்து வைத்துக்கொண்டு விதவையும் பிள்ளைகளும் திகைத்து நிற்கும் காட்சியை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றை உரியவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்று 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணைய வாசலை ரிசர்வ் வங்கியே திறக்க நேர்ந்தது. உழைத்தவர் மறந்ததால் மட்டும் அந்தப் பணம் அநாதையாகவில்லை. மொத்தக் கணக்கையும் ஒரே பார்வையில் காண அவருக்கு வழி இல்லாதிருந்ததே முதற்காரணம்.

அந்தப் பெட்டியிலே நான் மிகவும் மதிக்கும் பொருள் ஒன்று உண்டு. அஞ்சலகத்தில் மாதச் சேமிப்புச் செலுத்தும் இல்லத்தரசியின் அட்டை அது. 1972-இல் தொடங்கிய மகிளா பிரதான் திட்டத்தின் கீழ், பெண் முகவர்கள் வீடு வீடாக வந்து பணம் வாங்கிக்கொண்டு, அட்டையில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார்கள். பணத்தை வாங்கியவர் கையெழுத்திடுகிறார்; கொடுத்தவர் அட்டையைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். கணக்குக்கு உரியவரிடமே கணக்கின் சாட்சியும் இருக்க வேண்டும் என்ற தர்மம் முழுவதும் அந்தச் சிறு அட்டையில் அடங்கியிருக்கிறது.

இந்தத் தர்மம் தவறினால் என்ன நேரும் என்பதைச் சென்னை மாநகரம் ஒருமுறை கண்ணீரோடு கற்றது. நெடுங்காலமாக நம்பிக்கையின் மறுபெயராக விளங்கிய அர்பத்நாட் கம்பெனி, 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கதவை அடைத்தது. உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் ஓய்வூதியக்காரர்களும் வாழ்நாள் சேமிப்பை அங்கே ஒப்படைத்திருந்தார்கள். அந்த ஸ்தாபனத்தின் பெயர் பெரியது, கட்டடம் பெரியது, அதை நடத்தியவருக்கு 'சர்' பட்டமும் இருந்தது; உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பணம் போட்டவர் பார்க்க ஒரு ஜன்னல்கூட இருந்ததில்லை. அந்தச் சோகத்திலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய பெரியோர்களின் முயற்சியால், 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. காணாமல் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான பாடம் நம் ஊரில் வேறு இல்லை.

இன்று அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதிகள் வகுத்து, 2021 செப்டம்பர் 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்னும் ஏற்பாட்டை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். நம் சென்னையில் 1988-இல் தோன்றிய கேம்ஸ் நிறுவனத்தின் துணை நிறுவனமும் இப்பணிக்கு உரிமம் பெற்றவற்றுள் ஒன்று. வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு, பங்குகள், இன்ஷூரன்ஸ், ஓய்வூதியம் எனச் சிதறிக் கிடக்கும் விவரங்களை, உரியவர் சம்மதித்தால், சம்மதித்த அளவுக்கு மட்டும், அவர் குறித்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இதன் வேலை. நடுவில் நிற்கும் நிறுவனம் பூட்டிய உறையைச் சுமந்து செல்லும் தபால்காரரைப் போன்றது; உறையைத் திறக்கவும் அதற்கு முடியாது, உள்ளிருப்பதைச் சேர்த்து வைக்கவும் அதற்கு அனுமதி இல்லை. இந்த வழியாகப் பணமும் போகாது. தகவல் மட்டுமே போகும். யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், எவ்வளவு காலத்துக்குக் கேட்கிறார் என்பவை சம்மதப் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அஞ்சலக அட்டையின் தர்மமே இங்கு மின்வடிவம் பெற்றிருக்கிறது.

ஆயினும் சாதனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை, நான் செய்த ஒரு பிழையினால் கற்றுக்கொண்டேன். விம்கோ நகரில், ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் வாடிக்கையாளர். அவருடைய கணக்குகளை ஒரே திரையில் கொண்டுவரலாம் என்று நான் உற்சாகமாகச் சொன்னபோது, அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதெல்லாம் நமக்கு எங்க தம்பி புரியும், நீயே பார்த்து அமுக்கிடு" என்றார். நானும் அமுக்கினேன். வந்த ஓ.டி.பி.யை நானே இட்டேன். செயலியைத் திறக்கும் ரகசிய எண்ணையும் நானே வைத்தேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று பெருமைப்பட்டேன். சில மாதங்களில் எனக்கு அறுவைச் சிகிச்சை நேர்ந்து, ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய மகன், "பணமெல்லாம் எங்க இருக்குப்பா?" என்று கேட்டிருக்கிறான். பெரியவரால் காட்ட முடியவில்லை. ஒரு பைசாவும் இடம் மாறவில்லை. ஆனால் அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை. நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேரே அங்கே போனேன். அவருடைய மனைவி என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்துவிட்டு, "உங்க மேல சந்தேகம் இல்ல சார். ஆனா எங்க பணம் எங்க கண்ணுக்கே தெரியலையே" என்றார். அந்த அம்மாளின் சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது. நம்பிக்கையை வளர்க்க வந்த சாதனத்தை நான் இன்னொரு பூட்டிய பெட்டியாக்கி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் அங்கேயே அமர்ந்து, பழையதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். இம்முறை என் விரல் கைப்பேசியைத் தொடவில்லை. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். எனக்குக் கொடுத்த சம்மதத்தை எங்கே ரத்து செய்வது என்பதைத்தான் முதலில் காட்டினேன். ஒருமுறை ரத்து செய்து, மறுபடி கொடுத்தும் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து பாஸ்புக்குகளை எடுத்து வரச் சொன்னேன். திரையில் கண்ட தொகையை அவர் பென்சிலால் ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் எழுத, பாஸ்புக்கில் உள்ள தொகையை அவருடைய மனைவி படித்துச் சொல்ல, வலப்பக்கமும் நிரம்பியது. நான்கு கணக்குகள், மூன்று ஒத்துப்போயின. நான்காவதில் நூற்றுச் சொச்சம் ரூபாய் குறைந்தது. பாஸ்புக்கில் கடைசியாகப் பதிவிட்ட தேதிக்குப் பின் இன்ஷூரன்ஸ் சந்தா ஒன்று பிடிக்கப்பட்டிருந்ததை அவரே திரையில் தேடிக் கண்டுபிடித்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு" என்றார். ஐம்பது ஆண்டுகள் அளவுகோலைப் பிடித்த கை அது. அந்தக் கை அளந்து பார்த்துச் சொன்ன பிறகே, திரை அவருக்கு உண்மையாயிற்று.

ஆகவே, இளைஞர்களே, இத்தொழிலில் இறங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பழைய சான்றைத் தூக்கி எறியச் சொல்லிப் புதியதைக் கொடுக்காதீர்கள். இரண்டையும் மூன்று மாதமாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கச் செய்யுங்கள். வாடிக்கையாளரின் கைப்பேசியை உங்கள் கையில் வாங்காதீர்கள், ஓ.டி.பி.யைக் கேட்காதீர்கள், அவராகவே சொன்னாலும் செவிகொடாதீர்கள். இன்று நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்டால், நாளை வஞ்சகன் ஒருவன் கேட்கும்போதும் அவர் தயங்காமல் சொல்லிவிடுவார். கணவருக்குக் காட்டும் திரையை மனைவிக்கும் காட்டுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் செய்யுங்கள்.

திரை காட்டுவதை விளங்கவைக்கும் பொறுப்பும் உங்களுடையதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் அப்போது கரையில் நிற்கும். அப்படகுகளை நம்பி வாழும் வீட்டின் கணக்கில் வரவு வற்றிச் செலவு மட்டும் ஓடுவதைக் கண்டு எந்த இயந்திரமும் அபாயக் குறி காட்டக்கூடும். தை மாசி மாதங்களிலேயே அந்த இரண்டு மாதச் செலவுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வதற்கு, கடலையும் குடும்பத்தையும் அறிந்த மனிதர் வேண்டும். பங்குச்சந்தை இறங்கிய நாளில் சிவப்பு எழுத்தைக் கண்டு, இருபது ஆண்டுக்கென்று போட்ட பணத்தை ஒரே இரவில் எடுத்துவிடத் துடிப்பவரிடம் பொறுமையாகப் பேசவும் மனிதரே வேண்டும். கணக்கைத் திரையே காட்டும்போது ஆலோசகர் எதற்கு என்று கேட்பார்கள். காண்பது வேறு, கண்டதை வாழ்க்கையோடு பொருத்தி அறிவது வேறு என்பதே அதற்கு விடை.

திருவொற்றியூர்க் கடற்கரையிலே பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கடல் வாணிபம் செய்து குவித்த செல்வத்தையெல்லாம் துறந்த அப்பெருமானை எல்லோரும் நினைக்கிறோம். அவருடைய கணக்கராக இருந்த சேந்தனாரை நினைப்பவர் குறைவு. தலைவரின் ஆணைப்படியே சேந்தனார் கருவூலத்தைத் திறந்து ஏழைகளுக்கு வழங்கினார் என்றும், சுற்றத்தார் முறையிட, அரசன் அவரைச் சிறையிலிட்டான் என்றும் மரபுக்கதை சொல்கிறது. அவர் செய்தது நேர்மையான செயல். ஆனால் அந்த நேர்மைக்குச் சாட்சி அவருடைய மனத்தில் மட்டுமே இருந்தது. விம்கோ நகர் வீட்டில் காப்பிக் கோப்பையோடு அமர்ந்திருந்தபோது எனக்குச் சேந்தனாரின் நினைவுதான் வந்தது. கணக்கு உரியவர் கண்ணுக்குத் தெரிவது, உரியவரை மட்டுமன்று, நேர்மையான கணக்கரையும் காக்கிறது.

இன்று மாலை நீங்கள் இந்தப் பட்டத்தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்கள். அதைப் பத்திரப்படுத்துவதற்காக உங்கள் தாயார் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த டிரங்குப் பெட்டியை இழுப்பார். மூடுவதற்கு முன்பு அவர் அருகில் அமருங்கள். மஞ்சள் பையிலிருந்து அவருடைய பாஸ்புக்கை எடுத்து அவர் மடியிலும், கைப்பேசியை அவர் கையிலும் வையுங்கள். அவர் விரல் தயங்கும். நீங்கள் அவசரப்படாமல் காத்திருங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.