நீர்புகா அங்கி

ஐஸ்லாந்திலே சில்ஃப்ரா என்னும் நீர் நிறைந்த பாறைப்பிளவு உண்டு. ஆண்டு முழுவதும் அந்நீரின் வெப்பம் 2 முதல் 4 பாகை செல்சியஸ் அளவே. காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்வது நீர். ஆதலின் அங்கே இறங்கும் சுழியோடிகள் நீர்புகா அங்கி அணிகின்றனர். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகும் பட்டிகள் நீரைத் தடுக்கின்றன. தடித்த உள்ளுடையும் அதில் தங்கும் காற்றும் சூட்டைக் காக்கின்றன.

ஆனால், காக்கும் அக்காற்றே பகையாவதும் உண்டு. ஆழத்திற் சுருங்கிய காற்று, மேலெழும்போது விரியும். உரிய வேளையில் அதனை வெளியேற்றாவிடின் சுழியோடி கட்டுமீறி மேலே உந்தப்படுவான். காற்று காற்பகுதியில் திரண்டால் தலைகீழாகவும் எழ நேரும். அவ்வேளை மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியவும் கூடும். அங்கியின் விலையும் அதிகம். மிதப்பை அடக்க ஈயமும் மிகுதியாக வேண்டும்.

குளிர்நீரில் நெடுநேரம் இருப்போர்க்கு இவ்வங்கி இன்றியமையாததே. எனினும் நேயர்களே, ஆழமற்ற நீரில் முதலிற் பயின்ற பின்னரே அதனை நம்பி ஆழத்தில் இறங்குதல் தகும்.