வாசலில் நிற்கும் காவல்

(பங்கு விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் பங்கின் நலவாழ்வுக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணலாம். ஆனால், நம் முன்னோரை நன்றியோடு நினைக்கும் இந்நாளில், அவர்களுள் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போன வாந்திபேதியை நாம் மறந்துவிட முடியாது. காலையில் வயலுக்குச் சென்றவர் மறுநாள் கல்லறைக்குச் சென்ற கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலரா நோயை எதிர்ப்பதில் தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் 1944-ல் பிறந்தவர். சுவீடன் நாட்டிலுள்ள கோத்தன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஹோல்ம்கிரேன்.

முதலில் ஒரு கேள்வி. முற்காலத்தில் காலரா பரவினால் ஊசி போடுவார்கள். திருவிழாக் கூட்டங்களுக்குச் செல்வோர் அந்த ஊசி போட்டுக்கொண்டே செல்ல வேண்டிய காலமும் இருந்தது. கை வீங்கியது, காய்ச்சலும் வந்தது. ஆனால் பலன் பாதிப் பேருக்கே கிடைத்தது, அதுவும் சில மாதங்களே நின்றது. ஆகவே, நாடு விட்டு நாடு செல்வோரிடம் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் விதியை உலக சுகாதாரப் பேரவை 1973-ல் நீக்கிவிட்டது. அம்மை குத்தியதால் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்திருக்க, காலரா ஊசி மட்டும் ஏன் தோற்றது?

விடை, கிருமி தங்கும் இடத்தில் இருக்கிறது. காலராக் கிருமி இரத்தத்தில் புகுவதில்லை. குடிநீரோடும் உணவோடும் உள்ளே சென்று, சிறுகுடலின் உட்சுவரின்மேல் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. அங்கிருந்தபடியே ஒரு நச்சை வெளியிடுகிறது. இந்த நச்சே உடம்பின் நீரைக் கொள்ளையிடுகிறது என்பதை 1959-ல் முயலின் குடலில் சோதனை செய்து காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் சம்பு நாத் டே. நோய் முற்றியவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் வரை இழக்கக்கூடும். ஊசி மருந்தோ இரத்தத்தில்தான் எதிர்ப்புச் சக்தியை வளர்க்கிறது. திருடன் வாசலில் நிற்கும்போது காவலாளி உள்ளறையில் இருந்தால் என்ன பயன்?

வாசலில் நிற்கும் காவலும் நம் உடம்பில் உண்டு. வாய், மூக்கு, மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியுள்ள ஈரமான தோலைச் சளிச்சவ்வு என்கிறோம். அதற்கென்றே தனியான எதிர்ப்புப் பொருள் ஒன்று சுரக்கிறது. அதன் பெயர் இம்யூனோகுளோபுலின் ஏ. தாய்ப்பாலில் உள்ள இப்பொருள் இரத்தத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்டது என்று 1961-ல் காட்டியவர் அதே கோத்தன்பர்க் நகரத்து விஞ்ஞானி லார்ஸ் ஓக்கே ஹான்சன். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலுக்கு அன்னையே காவலாளியை அனுப்பிவைக்கிறாள். வளர்ந்தவர்களின் குடலில் அந்தக் காவலை எழுப்ப வேண்டுமானால், மருந்தும் கிருமி வந்த வழியே, அதாவது வாய் வழியே, செல்ல வேண்டும்.

ஹோல்ம்கிரேன் இதைப் படிப்படியாக ஆராய்ந்தார். காலரா நச்சில் இரு பகுதிகள் உண்டு. ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம், குடல் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே புகுந்து கேடு செய்கிறது. அந்த வளையம் பற்றும் பிடி எது? அது ஜி.எம்.1 என்னும் கொழுப்புப் பொருள் என்று 1973-ல் அவரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்தனர். இங்கேதான் ஒரு நல்ல வழி பிறந்தது. பற்றும் வளையத்தை மட்டும் தனியே எடுத்தால் அது விஷமற்றது. ஆனாலும் குடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது. கிருமிக்கும் நச்சுக்கும் எதிரான இரு சக்திகளும் சேர்ந்தால் பலன் பன்மடங்கு என்பதை 1976-ல் அவரும் ஆன்-மாரி ஸ்வென்னர்ஹோல்ம் அம்மையாரும் விளக்கினர். கொல்லப்பட்ட கிருமிகளையும் அந்த வளையத்தையும் கலந்து, வயிற்றுப் புளிப்பு அதைக் கெடுக்காதபடி சோடா உப்பு நீரில் குடிக்கும் மருந்து உருவாயிற்று.

மருந்து உருவானது குளிர்நாட்டில். நோயோ வங்காள ஆற்றங்கரைகளில். ஆகவே 1985-ல் வங்கதேசத்து மத்லப் கிராமங்களில் ஏறத்தாழ 62,000 பெண்களும் சிறுவர்களும் மும்முறை மருந்து அருந்தினர். ஒப்பிடுவதற்காக ஒரு சாராருக்கு வெறும் போலி மருந்து தரப்பட்டது. முதல் ஆறு மாதத்தில் புதிய மருந்து 85 சதவீதம் பாதுகாத்தது. மூன்றாண்டுக் கணக்கில் பாதியளவு பாதுகாத்தது. இதில் இன்னொரு செய்தியும் வெளியாயிற்று. வளையம் சேர்க்காமல், கொல்லப்பட்ட கிருமிகள் மட்டுமே கொண்ட மலிவான மருந்தும் மூன்றாண்டு முடிவில் அதே அளவு பலன் தந்தது.

அன்பர்களே, நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். வளையம் சேர்ந்த மருந்துக்கு 1991-ல் சுவீடனில் உரிமம் கிடைத்தது. ஆனால் அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டவில்லை. பெரும்பாலும் செல்வ நாட்டுப் பயணிகளே அதை அருந்தினர். மலிவான வழியைக் கையிலெடுத்தது வியட்நாம். சுவீடன் விஞ்ஞானிகளிடம் செய்முறையைக் கற்று, தன் மக்களுக்குத் தானே தயாரித்துக்கொண்டது. இதற்கிடையே 1992-ல் நம் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் ஓ139 என்னும் புதுவகைக் காலரா தோன்றவே, அதற்கும் எதிர்ப்புத் தரும்படி மருந்து திருத்தப்பட்டது. அதன்பின் 2006-ல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 67,000 பேரிடம் நடந்த சோதனையில், ஐந்தாண்டுக் காலத்துக்கு 65 சதவீதப் பாதுகாப்புக் கிடைத்தது. 2009-ல் ஐதராபாத்தில் தயாரான அந்த மருந்துக்கு நம் நாட்டில் உரிமம் வழங்கப்பட்டது. அவசரத் தேவைக்கென உலகச் சேமிப்புக் கிடங்கு 2013-ல்தான் அமைந்தது. மத்லப் சோதனைக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! வழி தெரிந்திருந்தும் மருந்து ஏழையின் கைக்கு வர அத்தனை காலம் ஆயிற்று.

இன்னும் ஒரு பாடம் உண்டு. மத்லப் கணக்குகளை 2005-ல் மீண்டும் ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெரிந்தது. மிகக் குறைவானோரே மருந்து குடித்த பகுதிகளில், போலி மருந்து பெற்ற 1,000 பேரில் 7 பேருக்குக் காலரா வந்தது. பாதிக்கு மேற்பட்டோர் மருந்து குடித்த பகுதிகளிலோ அது ஒன்றரையாகக் குறைந்தது. அதாவது, மருந்து பெறாதவரையும் மருந்து பெற்ற அயலாரே காத்தார்கள். நாம் ஒரு தடுப்பு மருந்தை ஏற்கும்போது அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் நன்மை செய்கிறோம். போலியோ சொட்டு மருந்தும் குடலின் வாசலில் காவல் வைப்பதே. வீடு தவறாமல் நாம் அதைக் கொடுத்ததன் பலனாக, 2011 ஜனவரிக்குப்பின் நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை.

போராட்டம் முடிந்துவிடவில்லை. பல நாடுகளில் காலரா பரவி மருந்து போதாமல் போனதால், இரு வேளை தர வேண்டிய மருந்தை ஒரு வேளையாகக் குறைக்கும் நிலை 2022 அக்டோபரில் வந்தது. தயாரிப்பை எளிதாக்க, இரு கிருமி வகைகளின் வேலையை ஒன்றே செய்யும்படி ஹோல்ம்கிரேன் குழுவினர் ஒரு கிருமியை உருவாக்கியிருந்தனர். அதைக் கொண்டு செய்த மருந்தை 2024-ல் ஐதராபாத் நிறுவனம் ஒன்று வெளியிட்டது. இளமையில் ஒரு நச்சின் பிடியைத் தேடத் தொடங்கியவர், முதுமையிலும் ஏழைக்கு எட்டும் மருந்தைத் தேடினார் என்பது நம் இளைஞர்கள் மனத்திற்கொள்ளத்தக்கது.

முடிவாக, தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் தடுப்பு மருந்தும் நல்ல குடிநீருக்கு ஈடாகாது. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்குக் கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் கொடுங்கள். அது கிடைக்காவிடில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். தடுப்பு மருந்து முகாம் நடக்கும் நாட்களில் உங்கள் தெருவில் விடுபட்ட பிள்ளைகள் இருந்தால் எங்கள் குழுவினரிடம் தெரிவியுங்கள். நாங்கள் வந்து அழைத்துச் செல்வோம்.