நடுவர் பந்தை உதைக்கலாமா?

(திருவண்ணாமலையில் நடைபெற்ற இளைஞர் பாசறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இக்கூட்டத்திற்கு வர இயலாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டைப் பிரித்து இவ்வுரையைப் படிக்க இருக்கும் நண்பர்களே!

“அரசும் அதன் வரம்பும்” என்ற தலைப்பில் பேசுமாறு எனக்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள். இது அறிஞர்கள் பேசவேண்டிய பொருள். நான் அறிஞன் அல்லன். எனக்கு நன்கு தெரிந்த இடம் ஒன்று உண்டு. அது கால்பந்தாட்டத் திடல். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். அரசியல் கூட்டத்தில் ஆட்டக் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்திற்கு உங்களை அழைத்துச் செல்லவே இந்த வழியில் வருகிறேன்.

படிப்பு முடிந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் நான் படித்த கல்லூரியின் அணி எங்கே ஆடினாலும் நான் அங்கே இருப்பேன். போளூரையும் கண்ணமங்கலத்தையும் கடந்து வேலூருக்குப் பேருந்தில் போய், நின்றுகொண்டே ஆட்டம் பார்த்து, தொண்டை கட்டித் திரும்பிய நாட்கள் எத்தனையோ! அந்த அணி வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம். “தோற்கும் அணிக்காகவா இவ்வளவு அலைச்சல்?” என்று வீட்டில் கேட்பார்கள். ஆம், அது என் அணி. வேறு விடை என்னிடம் இல்லை.

உங்களுக்கு இது புரியும். ஏனெனில் நீங்கள் கட்சிக்காரர்கள். சுவரொட்டி ஒட்டியவர்கள். தோற்ற தேர்தலுக்கு மறுநாள் காலையிலும் கொடிக்கம்பத்தடியில் வந்து நின்றவர்கள். இலாப நட்டக் கணக்குப் பார்த்துப் பற்று வைத்தவர்கள் அல்லர் நீங்கள். பற்று தவறன்று, தோழர்களே! பற்று இல்லாதவன் ஆட்டத்தையும் பார்க்கமாட்டான், நாட்டையும் பார்க்கமாட்டான்.

ஆனால் அந்தப் பற்றுக்கு ஒரு சோதனை உண்டு. என் அணி வெல்லவேண்டும் என்று விரும்புகிறேன், நல்லது. நடுவர் என் அணிக்காக ஊதலை ஊதவேண்டும் என்றும் விரும்புகிறேனா? இந்தக் கேள்விதான் இன்றைய தலைப்பின் உயிர்நிலை.

நடுவர் யார்? கால்பந்தாட்டத்திற்கு விதிகள் பதினேழு. அவற்றுள் ஐந்தாவது விதி நடுவருக்கு உரியது. பழங்காலத்தில் அவர் திடலுக்கு வெளியே இருந்தார். அணிகள் முறையிட்டால் மட்டும் தீர்ப்புச் சொன்னார். 1891ஆம் ஆண்டில்தான் ஊதலோடு திடலுக்குள் வந்து முழு அதிகாரம் பெற்றார். ஆட்டக்காரனை வெளியேற்றலாம், ஆட்டத்தையே நிறுத்தலாம், கோல் இல்லை என்று சொல்லலாம். இருபத்திரண்டு பேருக்கும் இல்லாத அதிகாரம் அந்த ஒருவருக்கு உண்டு.

அத்தனை அதிகாரம் படைத்தவர் செய்யக்கூடாத செயல் ஒன்றே ஒன்று. அவர் பந்தை உதைக்கக்கூடாது!

அது மட்டுமா? ஒருவன் தவறு செய்கிறான். ஆனால் பாதிக்கப்பட்ட அணியிடமே பந்து இருக்கிறது. ஆட்டம் தொடர்ந்தால் அவர்களுக்கே நன்மை. அப்போது நடுவர் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிடுவார். ஊத அதிகாரம் இருந்தும் ஊதாதிருப்பதும் விதியே! 2019ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். பந்து தற்செயலாக நடுவர்மீது பட்டு, அது எதிரணியின் வசமானாலோ, நேரே கோலுக்குள் புகுந்தாலோ, ஆட்டத்தை நிறுத்தி, பந்தைத் தரையிலிட்டு மீண்டும் தொடங்கவேண்டும் என்றனர். வேண்டுமென்று தொடவில்லை, தெரியாமல் பட்டது. அதன் பயனும் எவருக்கும் போய்ச் சேரக்கூடாது என்பது விதி. ஆளுகின்றவர்கள் தம் மேசைக்கு எதிரே எழுதி மாட்டிவைக்கத்தக்க விதி இது!

நம் ஊரையே பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று மக்கள் வெள்ளம் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறது. வழியை ஒழுங்கு செய்வது காவல்துறை. குடிநீர், விளக்கு, மருத்துவம், பேருந்து எல்லாம் அரசு பார்க்கவேண்டிய பணி. அவை இல்லாவிட்டால் கூட்டம் கலகலத்துப் போகும். ஆனால் மலையுச்சியில் தீபத்தை ஏற்றுவோர் பருவதராச குலத்தினர். மாவட்ட ஆட்சியர் அல்லர். காவல் கண்காணிப்பாளரும் அல்லர். வழியைக் காப்பது ஒருவர் வேலை. விளக்கேற்றுவது மற்றொருவர் உரிமை. 2002ஆம் ஆண்டில் இங்குள்ள கோயிலைத் தேசிய நினைவுச்சின்னம் என அறிவித்து மத்தியத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்க முனைந்தபோது ஊரே எழுந்து நின்றதல்லவா? வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்த ஏற்பாடு பின்னர் கைவிடப்பட்டது. வரம்பு என்ற சொல்லை அகராதியில் தேடாமலே அதன் பொருளை உணர்ந்தவர்கள் நம் ஊர் மக்கள்.

அரசுக்கு வரம்பு வேண்டும் என்று தமிழகத்தில் உரத்துப் பேசியவர் இராசாசி. 1952ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராக வந்த சில திங்களுக்குள் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். போர்க்காலத்திலிருந்து நீடித்து வந்த பங்கீட்டு முறை அது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட், லைசென்சு, கோட்டா ஆட்சி என்று தில்லியின் முறையைச் சாடினார். சிமெண்டுக்கு ஒரு சீட்டு, சர்க்கரைக்கு ஒரு சீட்டு, தொழில் தொடங்க ஒரு சீட்டு. சீட்டு இருக்கும் இடத்தில் சிபாரிசு இருக்கும். சிபாரிசு இருக்கும் இடத்தில் கையூட்டு இருக்கும். இதில் தவறு காண முடியுமா?

ஆனால் அதே இராசாசி 1953ஆம் ஆண்டில் என்ன செய்தார்? ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். அரிசிக் கடையிலிருந்து வெளியேறிய அரசு, குடிசைக்குள் நுழைந்து, குயவன் மகனைச் சக்கரத்தின் முன்னும் வண்ணான் மகனைத் துறையின் முன்னும் நிறுத்தப் பார்த்தது! குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. வணிகனுக்கு வழிவிடவேண்டும் என்ற அரசு, வண்ணான் மகனுக்கு வழிவிட மறுத்தது ஏன்? வரம்பு பேசுவோரிடம் நான் இன்றும் கேட்கும் கேள்வி இது.

இங்கே மற்றொரு திடலின் நினைவு வருகிறது. நான் இளமையில் ஆடிய திடல் ஒருபுறம் மேடு, மறுபுறம் பள்ளம். மேட்டிலிருந்து ஆடும் அணிக்குப் பந்து தானாகவே உருண்டு ஓடும். பள்ளத்து அணி மூச்சு வாங்கும். ஆயினும் எவரும் வருந்துவதில்லை. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறும் அல்லவா!

சமுதாயத் திடலில் இடைவேளை உண்டா, தோழர்களே? பள்ளத்தில் பிறந்தவன் பாதி வாழ்நாள் கழிந்ததும் மேட்டுக்கு மாற்றப்படுகிறானா? இல்லை. பாட்டன் பள்ளத்தில், தந்தை பள்ளத்தில், மகனும் பள்ளத்தில்! இந்தத் திடலில் “நடுவர் ஒதுங்கியே நிற்கட்டும்” என்று சொன்னால், சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். திடலைச் சமன் செய்வது பந்தை உதைப்பதாகாது. 1951ஆம் ஆண்டில் வகுப்புரிமை ஆணை உச்சநீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனபோது, தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. இவை திடலை நிரவிய மண்வெட்டிகள். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது ஆட்டத்தில் தலையிடுவதன்று. அவனும் ஆட்டத்தில் இறங்க வழி செய்வது.

ஆகவே என் கொள்கை இதுதான். திடலைச் சமன் செய்; கோடு கிழி; விதியை எல்லோர்க்கும் ஒன்றாக நடத்து. அதற்கு மேல் பந்தைத் தொடாதே!

தொட்டால் என்ன ஆகும்? 1975 ஜூன் திங்களில் நெருக்கடி நிலை வந்தது. இதழ்களுக்குத் தணிக்கை, தலைவர்களுக்குச் சிறை. 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டது. அதன் பின்னரே வரம்புக்கோடுகள் அழுத்தமாகக் கிழிக்கப்பட்டன. உள்நாட்டுக் குழப்பம் என்ற சாக்கில் நெருக்கடி நிலை கொணரமுடியாதவாறு 1978இல் 44ஆம் திருத்தம் வந்தது. மாநில ஆட்சிகளை நினைத்தபடி கலைக்க இயலாது என்று 1994இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அடிபட்ட பின்பே அரண் கட்டியிருக்கிறோம்.

கால்பந்தாட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. அகில இந்தியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பில் நிர்வாகிகளின் காலம் முடிந்த பின்னும் தேர்தல் நடைபெறவில்லை. 2022 மே திங்களில் உச்சநீதிமன்றம் மூவர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி, ஆகஸ்ட் நடுவில் உலக அமைப்பாகிய ஃபிஃபா இந்தியாவையே விலக்கி வைத்தது. குழு கலைக்கப்பட்ட பின், 26ஆம் நாள் அந்தத் தடை நீங்கியது. அந்த நாட்களில் 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் நடக்குமா, நடக்காதா என்று நம் சிறுமிகள் கலங்கி நின்றனர். தவறு நாற்காலியில், தண்டனை திடலில்! இதில் நான் கண்ட பாடம் ஒன்று. தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளாத அதிகாரம், மற்றோர் அதிகாரத்தைத் தானே வீட்டுக்கு அழைத்து வருகிறது.

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் இறங்கினால் இந்த உரை பொய்யாகிவிடும்.

நம் கட்சி ஆட்சியில் இருந்த ஒரு காலம். எனக்கும் ஊரில் ஒரு சிறு பொறுப்பு. என் சொல்லுக்கு மரியாதை உண்டு என்று அலுவலகங்கள் அறிந்திருந்த நாட்கள். நண்பர் ஒருவர் வந்தார். “பையன் கல்லூரி அணியில் இடம் பெறவேண்டும், ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். நான் ஆணையிடவில்லை. மிரட்டவில்லை. ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். பையன் அணியில் சேர்ந்தான். பதினோரு இடங்கள்தானே உண்டு? ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போகவேண்டும். வெளியே போனவன் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். இடப்புறத்தில் அவன் ஓடும் ஓட்டத்தை நானே கை தட்டி இரசித்தவன்.

அந்த ஆட்டத்தில் எங்கள் அணி வென்றது. தோற்றிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்; செய்த தவறுக்குக் கூலி கிடைத்தது என்று எண்ணியிருப்பேன். வென்றது! எவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கோட்டுக்கு வெளியே ஓடிய பந்துகளை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றான் அந்தப் பிள்ளை. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடி வந்து, “ஐயா, நம் அணி வென்றுவிட்டது!” என்றான். அவன் முகத்தில் மகிழ்ச்சி. துண்டுத் தாளைப் பற்றி அவனுக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

“நம் அணி” என்றான், தோழர்களே! அணிக்கு வெளியே தள்ளப்பட்டவன் சொன்ன சொல் அது. அவன் பற்றுக்கு முன் என் பற்று எம்மாத்திரம்? நான் பந்தை உதைத்த நடுவர். அதுவும் எவரும் பாராதபோது உதைத்தவன்.

அன்று முதல் சிபாரிசுத் தாள் எழுதுவதில்லை என்று உறுதி கொண்டேன். அதனால் நண்பர்கள் சிலரை இழந்தேன். “கட்சிக்காரனுக்கே உதவாதவன் எதற்குக் கட்சியில்?” என்று கேட்டோர் உண்டு. அவர்களுக்கு என் விடை இது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பேன். அலுவலகத்திற்கு உடன் வருவேன். தகுதி இருந்தும் மறுத்தால் வாசலில் அமர்ந்து போராடுவேன். அவை கோட்டைக் காக்கும் பணிகள். ஒருவன் இடத்தைப் பறித்து மற்றொருவனுக்குக் கொடுக்கும் இரண்டு வரியை மட்டும் என் பேனா எழுதாது.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதிகாரத்திற்கு வரம்பு கேட்பது எளிது, எல்லோரும் கேட்பார்கள். நம்மவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். இன்று நம் கைக்கு வரும் அளவில்லா அதிகாரம், நாளை நம்மை எதிர்ப்பவர் கைக்கும் போகும். ஊதல் ஒருவர் கையிலேயே நிலைப்பதில்லை. 1976இல் சிறை சென்றவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

வரும் வாரம் என் கல்லூரி அணிக்கு ஆட்டம் இருக்கிறது. வழக்கம்போல் போவேன், வழக்கம்போல் கத்துவேன், பெரும்பாலும் வழக்கம்போல் தோற்றுத் திரும்புவேன். உங்களில் யாரேனும் வந்தால், பேருந்தில் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன். அந்த ஒரு சிபாரிசை மட்டும் எனக்கு மன்னித்துவிடுங்கள்.