குங்குமம் வைத்த பிசிஆர் எந்திரம்

மரபணுவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். போன ஆயுதபூசைக்கு எங்கள் ஆய்வகத்தில் பிசிஆர் எந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நானும் சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு நகராது, அது உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கூச்சத்தில்தான் புஷ்ப மித்ர பார்கவாவைப் பற்றிப் பேச வந்தேன். ஐதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற மூலக்கூறு உயிரியல் மையத்தை உருவாக்கிய விஞ்ஞானி. யுஜிசி சோதிடத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாக்க முனைந்தபோது வழக்குப் போட்டார். 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தபோல்கர், பன்சாரே, கல்புர்கி கொல்லப்பட்டிருந்த 2015இல், தன் பத்மபூஷண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது வயது 87.

அவருக்குப் பெயர் இருந்தது, துணிந்தார் என்று சொல்லலாம். பெயர் இருந்த எத்தனை பேர் துணிந்தார்கள்?

அவர் ஓய்வுபெற்ற பல ஆண்டுகளுக்குப் பின், 2013இல், அதே மையத்தினர் ஹார்வர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒன்றை வெளியிட்டார்கள். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள்; அதன் பிறகே அகமணம் இறுகியது. 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்பவர்களுக்கு நம் ரத்தமே சொல்லும் பதில். அகமணம்தான் சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916இலேயே சொல்லிவிட்டார். விஞ்ஞானிகளான நாங்கள்தான் தாமதம்.

அடுத்த ஆயுதபூசைக்கு மூன்று வாரம் இருக்கிறது. எந்திரத்தைத் துடைத்துவைக்கும் முறை அன்று என்னுடையது. குங்குமம் வேண்டாம் என்று வழிகாட்டியிடம் எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.